சேர்ந்திசையும் இல்லத்து உழைப்பும்
தென் வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

இசை வரலாறு பெரும்பாலும் இரு வகையாக எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு வகையில் அது மேதைகளின் வரிசையாக அமைகின்றது; இயற்றியவர், பாடியவர், ஆதரித்த புரவலர் என்போரே அங்கு வரலாற்றின் மாந்தராவர். மற்றொரு வகையில், கூட்டாகப் பாடுதல் என்பது ஏதோ ஓர் 'இனத்தின் ஆன்மா' தானாக வெளிப்படும் நிகழ்ச்சியாகக் கொள்ளப்படுகின்றது. முதலாவது நோக்கு பாடலை அதனைச் சாத்தியமாக்கிய மக்களிடமிருந்து பிரிக்கின்றது. இரண்டாவது நோக்கு அம்மக்களை அவர்தம் உழைப்பிலிருந்து பிரிக்கின்றது. இவ்விரண்டும் கேட்கத் தவறும் வினா ஒன்றுண்டு: பாடுவதற்கு வேண்டிய நேரம் யாரால், எவ்வாறு உண்டாக்கப்பட்டது?

இவ்வினாவை எழுப்புவதற்குப் பொருத்தமான களமாகத் தென் வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளை நாம் தெரிந்துகொள்கின்றோம். 'பாட்டின் நாடு' என்று வேல்ஸ் தன்னை அழைத்துக்கொண்டது. சுரங்கத் தொழிலாளரின் ஆண்குரற் சேர்ந்திசைக் குழுக்கள் அந்நாட்டின் அடையாளமாகவே உலகெங்கும் அறியப்பட்டன. தொன்றுதொட்டு வந்த இயல்பான இசையாற்றலின் விளைவாகவே இதனைப் பலர் விளக்குவர். ஆயின் உண்மையில் இப்பாரம்பரியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளின் மத்தியில், குறிப்பிட்ட சாதனங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒன்று. அதன் தோற்றத்தையும் திசைமாற்றங்களையும் விளங்கிக்கொள்ளச் சுரங்கத்தையும் தேவாலயத்தையும் நோக்கினால் மட்டும் போதாது. தொழிலாளியின் வீட்டு அடுப்படியையும் நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2

முதலிற் பொருளாதார அடிப்படையைக் காண்போம். 1851 இல் றொண்டாப் பள்ளத்தாக்குகளின் சனத்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஆட்டுப் பண்ணைகளும் ஓடைகளும் நிறைந்த ஒதுக்குப் பிரதேசம் அது. 1911 இல் அதே பள்ளத்தாக்குகளில் 152,000 இற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நீராவிக் கப்பல்களுக்கும் புகையிரதங்களுக்கும் ஏற்ற உயர்தர நிலக்கரி அங்கு கிடைத்தமையே இம்மாற்றத்துக்குக் காரணம். 1913 ஆம் ஆண்டளவில் தென் வேல்ஸ் நிலக்கரிப் பிரதேசம் முழுவதிலும் இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர் வேலைசெய்தனர். அவ்வாண்டின் உற்பத்தி ஏறத்தாழ 570 இலட்சம் தொன். பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் கடற்படையும் வணிகக் கப்பல்களும் இந்நிலக்கரியிலேயே ஓடின.

இவ்வாறு ஓரிரு தலைமுறைக்குள் திரண்ட மக்கள், மேற்கு வேல்சின் கிராமங்களிலிருந்தும், பின்னர் இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். பழைய கிராம உறவுகள் அறுந்த நிலையிற் புதிய சமூகக் கூட்டு ஒன்றை அவர்கள் தாமே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அரசு அவர்களுக்கு மண்டபங்களைக் கட்டிக் கொடுக்கவில்லை. நிலவுடைமையாளர் ஆதரித்த ஆங்கிலத் திருச்சபையும் அவர்களிடமிருந்து தொலைவில் நின்றது. அத்திருச்சபைக்கு அடங்காத மெதடிஸ்த, பப்ரிஸ்த, சுயாதீனச் சபைகளே தொழிலாளர் தம் சிறுகாசைச் சேர்த்து எழுப்பிய தேவாலயங்களின் மூலம் அவ்விடத்தை நிரப்பின. இத்தேவாலயங்களில் ஓவியமும் சிற்பமும் ஆடம்பரச் சடங்கும் விலக்கப்பட்டிருந்தன. கலையுணர்வு வெளிப்படுதற்கு அங்கு எஞ்சியிருந்த வழிகள் இரண்டே: ஒன்று பிரசங்கம், மற்றையது பாட்டு. பிரசங்கம் ஒருவருக்குரியது; பாட்டோ சபையினர் அனைவருக்கும் உரியது.

1859 ஆம் ஆண்டு இவ்வகையில் முக்கியமானது. 'இயுவன் குவில்ற்' என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஜோன் றொபேட்ஸ் (1822-1877) அவ்வாண்டிலேயே சபையோர் பாடுவதற்குரிய மெட்டுக்களின் தொகுதியொன்றை வெளியிட்டார். பல சபையினரும் ஒன்றுகூடி நான்கு குரற் பகுதிகளிற் பாடும் பாடற் பெருவிழாவும் அதே ஆண்டில் அபர்டேர் நகரில் அவரது முயற்சியால் ஆரம்பமாயிற்று. பெண்களின் மேற்குரலும் கீழ்க்குரலும், ஆண்களின் மேற்குரலும் கீழ்க்குரலும் ஆகிய நான்கும் தத்தம் மெட்டைத் தனித்தனியே பாட, அவை ஒருசேர ஒலிக்கும்போதே பாடல் முழுமை பெறும். தனி மெட்டின் நுட்பத்திலே தோய்ந்த எமது இசை மரபிலிருந்து இது வேறுபடுவது. எந்த ஒரு குரலும் இங்கு தனித்து நிறைவுடையதன்று.

இவ்வகை இசை எழுத்தறிவைப் போன்ற ஓர் இசையறிவை வேண்டி நிற்பது. ஐந்து கோடுகளிற் புள்ளியிட்டு எழுதும் ஐரோப்பிய இசைக்குறியீடு கற்றற்கு அரியது. அச்சிடுதற்குச் செலவு மிக்கது. இத்தடையை நீக்கியது 'ரொனிக் சொல்ஃபா' என்ற முறை. இங்கிலாந்தின் நோர்விச் நகர ஆசிரியை சாரா குளோவர் வகுத்த முறையொன்றை அடியாகக் கொண்டு, சுயாதீனச் சபைப் போதகரான ஜோன் கேர்வன் (1816-1880) இதனை விருத்திசெய்தார். ஏழு சுரங்களுக்கு ஏழு எழுத்துக்கள். முதற்சுரம் எந்தச் சுருதியிலும் நிற்கலாம். ஆதார சட்ஜத்தை எங்கு வைத்துக்கொண்டாலும் 'சரிகமபதநி' மாறாதிருக்கும் எமது மரபில் வந்தோர்க்கு இதன் எளிமை உடனே புலனாகும். சாதாரண அச்செழுத்தைக் கொண்டே அச்சிடக்கூடியதாகையால் விலை மலிவாயிற்று. 1860களில் வேல்சிற் பரவிய இம்முறையை ஞாயிறு பாடசாலைகளும் மதுவிலக்குச் சங்கங்களும் சிறுவர்க்குப் போதித்தன. பத்து வயதிற் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குச் சென்ற தொழிலாளியும் ஹான்டெல், மெண்டல்சன் ஆகியோரின் பெருநூல்களைப் பார்த்துப் பாடும் வல்லமை பெற்றமை இதனாலேயே. உற்பத்திச் சாதனத்தில் ஏற்பட்ட மாற்றம் கலை நுகர்வோரைக் கலை ஆக்குவோராக மாற்றியமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

எனினும் இதன் எல்லையையும் குறித்தல் வேண்டும். சொல்ஃபா குரலிசைக்கே ஏற்றது. இசைக்கருவிகள் விலை கூடியவை. தொழிலாளியின் கைக்கு எட்டாதவை. செலவின்றிக் கிடைத்த ஒரே கருவி மனிதக் குரலே. வேல்சியரின் 'இயற்கையான' குரல்வளம் எனப் புகழப்பட்டதன் பின்னால் இவ்வறுமையின் கணக்கும் இருந்தது.

3

கருத்தியற் பின்னணியை நோக்குகையில் 1847 ஆம் ஆண்டு எம் கவனத்துக்குரியது. வேல்சின் கல்வி நிலை பற்றி ஆராயப் பிரித்தானிய அரசு நியமித்த மூன்று ஆணையாளரும் வேல்ஸ் மொழி அறியாத ஆங்கிலேயர். அவர்தம் அறிக்கை கல்வியின் குறைபாட்டை எடுத்துக் காட்டியதோடு நில்லாது, வேல்ஸ் மக்களின், குறிப்பாகப் பெண்களின், ஒழுக்கத்தையே பழித்தது. அவர்களது மொழியும் சமயப் பிரிவுகளும் பிற்போக்கின் காரணிகளாகக் காட்டப்பட்டன. நீல அட்டையிட்ட அவ்வறிக்கையை 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என வேல்ஸ் மக்கள் பெயரிட்டழைத்தனர்.

இப்பழிக்கு விடையிறுக்க வளர்ந்துவந்த வேல்ஸ் மத்தியதர வர்க்கம் முனைந்தது. வணிகரும் போதகரும் பத்திரிகாசிரியரும் அடங்கிய அவ்வர்க்கம், வேல்சியர் குற்றமற்றவர், மது அருந்தாதவர், பாடும் இயல்பினர் என்ற படிமத்தைக் கட்டியெழுப்பிற்று. சேர்ந்திசைக் குழு இப்படிமத்தின் மிகச் சிறந்த சான்றாயிற்று. 1872 இலும் 1873 இலும் லண்டன் பளிங்கு மாளிகையில் நடைபெற்ற போட்டிகளில், 'கரடொக்' எனப்பட்ட கிறிஃபித் றீஸ் ஜோன்ஸ் (1834-1897) என்னும் கொல்லுத் தொழிலாளியின் நெறியாள்கையில் ஏறத்தாழ நானூற்றைம்பது பேர் கொண்ட பெருங்குழு வெற்றி வாகை சூடியது. ஊருக்கு ஊர் பணம் திரட்டி அனுப்பப்பட்ட அக்குழு திரும்பியபோது நாடே விழாக் கொண்டாடியது.

இவ்வெற்றியின் காலத்தை நோக்குதல் பயனுடையது. 1871 இல் அபர்டேர், றொண்டாப் பள்ளத்தாக்குகளிற் பன்னிரண்டு வார வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1873 இன் முதல் மாதங்களில் மற்றொரு பெரும் வேலைநிறுத்தம். 1875 இல் முதலாளிமாரின் நீண்ட கதவடைப்பு. கடுமையான வர்க்க மோதல்களின் நடுவே நிகழ்ந்தது அப்பாடற் பயணம். வேலைநிறுத்தம் செய்த அதே பிரதேசத்து மக்கள் லண்டனிற் பாடியபோது 'தேசம்' என்ற பெயரைப் பெற்றனர். சுரங்க வாயிலிற் கூலி கேட்டபோது 'கலகக்காரர்' என்ற பெயரைப் பெற்றனர். ஆளும் வர்க்கம் தொழிலாளியின் எந்தக் குரலைக் கேட்க விரும்பிற்று என்பதை இது காட்டுகின்றது. 1895 இல் திரெயோர்க்கி ஆண்குரற் குழு வின்சர் மாளிகையில் விக்டோறியா மகாராணியின் முன் பாடியமையும் இதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

4

மேற்கூறிய 'கண்ணியம்' என்ற கருத்து தேவாலயத்திலும் மேடையிலும் மட்டும் காட்டப்பட்டதன்று. அது நாள்தோறும் வீட்டிற் செய்து காட்டப்பட வேண்டியிருந்தது. 1847 இன் பழி பெண்கள்மீதே அதிகம் சுமத்தப்பட்டதால், அதனைத் துடைக்கும் வேலையும் அவர்கள்மீதே சுமத்தப்பட்டது எனலாம். நாள்தோறும் தேய்த்துக் கழுவிய வாசற்படி, மினுக்கிய பித்தளைப் பாத்திரங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கென வெளுத்து வைத்த சட்டை, ஆர்மோனியமோ பியானோவோ வைக்கப்பட்ட முன்னறை ஆகியன அக்கண்ணியத்தின் சின்னங்கள். நிலக்கரித் தூசு இடைவிடாது படியும் ஊரில் இச்சின்னங்களைக் காப்பது என்றும் முடிவடையாத வேலை.

1842 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலையிலிருந்து விலக்கியது. கொடிய உழைப்பிலிருந்து அது விடுதலையே. ஆயின் பள்ளத்தாக்குகளில் வேறு தொழில்கள் வளராத நிலையில், மணமான பெண் கூலியற்ற இல்லத்து உழைப்புக்கே உரியவளானாள். அவ்வுழைப்பின் தன்மையைச் சற்று விரித்து நோக்குவோம். சுரங்கத்திற் குளிப்பகம் இல்லை. தொழிலாளி கரி படிந்த உடம்போடும் ஈர உடையோடும் வீடு திரும்புவான். அடுப்பின்மேற் கொதிக்கும் பாரமான பாத்திரத்தைத் தூக்கி, அடுப்பின் முன் வைத்த தகரத் தொட்டியிற் பெண் நீர் ஊற்றுவாள். தந்தையும் புதல்வரும், வாடகைக்கு இருந்த தொழிலாளரும் ஒரே வீட்டில் வெவ்வேறு வேலைமுறைகளிற் சென்று வந்தால், இச்செயல் ஒரு நாளிற் பலமுறை நிகழும். ஒருவன் உறங்கும்போது மற்றொருவனுக்கு உணவு. ஒருவன் உடை உலரும்போது மற்றொருவன் உடையிற் கரி தட்டல். சுரங்கத்தின் ஊதுகுழல் ஆணின் நாளை மட்டுமன்றிப் பெண்ணின் நாளையும் பகுத்தது. ஆணின் வேலைமுறைக்கு முடிவு உண்டு, அவளுடையதற்கு இல்லை.

இவ்வுழைப்பின் விலை என்ன? 1881 முதல் 1911 வரையான றொண்டாப் பெண்களின் வாழ்க்கையை ஆராய்ந்த வரலாற்றாசிரியை டொற் ஜோன்ஸ், இருபது முதல் நாற்பத்துநான்கு வயதுக்கிடைப்பட்ட பெண்களின் இறப்பு வீதம் அதே வயது ஆண்களின் இறப்பு வீதத்தைவிட உயர்ந்திருந்ததை எடுத்துக்காட்டியுள்ளார். சுரங்க வெடிப்புக்கள் அடிக்கடி நிகழ்ந்த ஒரு பிரதேசத்தில் இது கூறப்படுகின்றது என்பதை மனங்கொள்ள வேண்டும். 1913 ஒக்ரோபரில் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர் மாண்டனர், அது வரலாறாயிற்று. அடுக்களையிலும் பிரசவப் படுக்கையிலும் ஒவ்வொருவராக மாண்ட பெண்களுக்கு நினைவுத்தூண்கள் இல்லை.

1919 இல் நிலக்கரித் தொழில் பற்றிய சாங்கி ஆணைக்குழுவின் முன் சுரங்கத் தொழிலாளரின் மனைவியர் மூவர் சாட்சியம் அளித்தனர். அவருள் ஒருவர் றொண்டாவைச் சேர்ந்த எலிசபெத் அன்ட்றூஸ் (1882-1960). பாரமான நீர்ப்பாத்திரங்களைத் தூக்குவதால் பெண்களுக்கு நேரும் உடற்கேட்டையும், கொதிநீரால் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்தையும் எடுத்துரைத்துச் சுரங்க வாயில்களிற் குளிப்பகங்கள் அமைக்கப்பட வேண்டும் என அவர் வாதாடினார். வேல்சின் முதலாவது குளிப்பகம் 1916 இல் திரகரிஸ் என்னுமிடத்தில் அமைந்திருந்தது. பரவலாக அவை அமைவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. குளிப்பகம் ஆணுக்கு வசதி. பெண்ணுக்கோ அது வேலைநேரக் குறைப்பு. தொழிற்சங்க வரலாறுகளில் எட்டு மணிநேர வேலைநாளுக்கான போராட்டம் பெறும் இடத்தோடு ஒப்பிடுகையில், இப்போராட்டம் பெறும் இடம் மிகச் சிறிது.

இனிச் சேர்ந்திசைக்கு மீள்வோம். கரடொக்கின் பெருங்குழுவிற் பெண்களும் பாடினர். தேவாலயப் பாடலும் கலப்புக் குரற் பாடலே. ஆயின் நூற்றாண்டின் இறுதியில் ஆண்குரற் குழுக்கள் பெருகி, அவையே வேல்சின் அடையாளமாயின. வெளியூர்களிலிருந்து இளைஞர் திரண்டு வந்தமையால் ஆண்களின் தொகை மிகுந்திருந்தமை இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. அது உண்மையே. ஆயினும் மற்றொரு காரணத்தையும் நாம் சேர்த்தெண்ண வேண்டும். ஒரு குழு போட்டிக்கு ஆயத்தமாவதாயின் மாதக்கணக்கில் மாலைதோறும் பயில வேண்டும். அம்மாலை நேரம் ஆணுக்கு எங்கிருந்து கிடைத்தது? அவன் குளிப்பதற்கு நீரும் உண்பதற்கு உணவும் உடுப்பதற்கு உலர்ந்த ஆடையும் ஆயத்தமாக இருந்தமையாற் கிடைத்தது. உழைப்புச் சக்தியின் நாளாந்த மறுவுற்பத்தி என மார்க்சியம் கூறுவது இதுவே. ஆயின் இங்கு மறுவுற்பத்தி செய்யப்பட்டது முதலாளிக்கு விற்கப்படும் உழைப்புச் சக்தி மட்டுமன்று. தொழிலாளியின் ஓய்வும், அவ்வோய்விற் பிறந்த கலையும் அதே கூலியற்ற உழைப்பின் மீதே நின்றன. பாடும் ஆண் மேடையிற் காணப்பட்டான். அவனது மாலையை உண்டாக்கியவள் காணப்படவில்லை.

பெண்கள் பாடவில்லை என்பது இதன் பொருளன்று. 1893 இற் சிக்காகோ உலகக் கண்காட்சிப் போட்டியில் றொண்டா ஆண்குரற் குழுவோடு, கிளாறா நொவெல்லோ டேவிசின் பெண்கள் சேர்ந்திசைக் குழுவும் பரிசு பெற்றது. எனினும் அது கார்டிஃப் நகரைத் தளமாகக் கொண்ட குழு என்பது கருதத்தக்கது. பள்ளத்தாக்குகளில் மணமான தொழிலாளர் குடும்பப் பெண்ணுக்குப் பாட்டு தேவாலயத்திலும் துணி துவைக்கும் இடத்திலும் தொட்டிலருகிலுமே பெரிதும் உரியதாயிற்று. வீடே முதற் பாடசாலை. சிறுவர் பெரியோரின் குரலோடு தம் குரலைப் பொருத்தக் கற்றது அங்கேயே. சேர்ந்திசையின் வரலாறு பயிற்சி மண்டபத்திலிருந்து எழுதப்பட்டமையால் இப்பகுதி எழுதப்படாது போயிற்று.

5

பாட்டு வர்க்கப் போராட்டத்தில் எப்பக்கம் நின்றது என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. சுரங்கத் தொழிலாளரின் தலைவர் வில்லியம் ஏபிரகாம் (1842-1922) 'மபொன்' என்ற புனைபெயராலேயே அறியப்பட்டவர். 1885 முதல் றொண்டாவின் பாராளுமன்ற உறுப்பினர். சிறந்த குரல்வளம் வாய்ந்த அவர், கூட்டத்திற் கருத்து மோதல் முற்றி அமளி எழும்போது தோத்திரப் பாடல் ஒன்றைத் தொடங்கிவிடுவார். கூட்டம் முழுவதும் உடன் பாடும், அமளி அடங்கும். நிலக்கரி விலை ஏறினாற் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற படிமுறைக் கூலி ஒப்பந்தத்தை 1875 முதல் காத்துநின்ற இணக்க அரசியலுக்கு அவரது பாட்டு ஏற்ற துணை. முரண்பாட்டைத் தீர்க்காது இசையில் மூழ்கடிக்கும் இம்முறையை, கிறாம்சி விளக்கிய கருத்தியல் மேலாண்மையின் செவிவழி வடிவம் எனக் கூறலாம். 1888 முதல் மாதத்தின் முதற் திங்கட்கிழமையை விடுமுறையாகப் பெற்றுக்கொடுத்தவரும் அவரே. 'மபொன் நாள்' எனப்பட்ட அவ்விடுமுறை பாட்டுக்கும் கூட்டத்துக்கும் இடமளித்தது. 1898 இன் ஆறு மாதக் கதவடைப்பில் தொழிலாளர் தோல்வியுற்றபோது முதலாளிமார் பறித்தெடுத்தவற்றுள் அந்நாளும் ஒன்று. இணக்கத்தின் பலன் இணக்கம் உள்ளவரையே என்பதைத் தொழிலாளர் கற்றனர். அவ்வாண்டிலேயே தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றியது. 1910 இல் ரொனிபண்டிக் கிளர்ச்சியும், 1912 இல் அதே ஊரில் வெளியிடப்பட்ட 'சுரங்கத் தொழிலாளரின் அடுத்த படி' என்ற சிறுநூலும் புதிய தலைமுறையொன்று எழுந்ததைக் காட்டின.

அப்புதிய தலைமுறை பாட்டைக் கைவிடவில்லை. அதன் பணியை மாற்றியது. 1926 இல் ஏழு மாதங்கள் நீடித்த கதவடைப்பின்போது சேர்ந்திசைக் குழுக்கள் இங்கிலாந்தின் நகரங்களுக்குச் சென்று பாடிப் போராட்ட நிதி திரட்டின. பள்ளத்தாக்குகளிற் பொதுச் சமையற்கூடங்கள் இயங்கின. தனித்தனி வீட்டு அடுப்புக்களில் மறைந்திருந்த உழைப்பு அப்போது பொது உழைப்பாகக் காட்சிக்கு வந்தது. பாடியவன் திரட்டிய காசு பொது உலைக்கு அரிசியும் மாவுமாகத் திரும்பியபோது, பாட்டுக்கும் அடுக்களைக்கும் இடையே என்றும் இருந்துவந்த உறவு முதன்முறையாக வெளிப்படையாயிற்று எனலாம். இதனைத் தொடர்ந்த பெருமந்தத்தின் ஆண்டுகளில் வேலையற்றோர் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். எஞ்சியோர் பாடினர். 1924 இற் சிறிய றொண்டாவில் தோன்றிய பென்டிறஸ் குழுவில் வேலையற்ற சுரங்கத் தொழிலாளர் பலர் இருந்தனர். வேலை இழந்தோர்க்குச் சேர்ந்திசைப் பயிற்சி பொழுதுபோக்கு மட்டுமன்று. தம் திறனை எவரும் இன்னும் வேண்டுகின்றனர் என்ற உறுதிப்பாடும் ஆகும்.

இக்காலத்தின் சர்வதேசியப் பரிமாணத்தைக் கறுப்பினப் பாடகர் போல் றொப்சனின் தொடர்பு உணர்த்தும். 1929 இல் லண்டன் வீதியிற் பாடிச் சென்ற வேலையற்ற வேல்ஸ் தொழிலாளரோடு அவர் இணைந்து நடந்தார். 1934 இல் 266 பேரைப் பலிகொண்ட கிறெஸ்ஃபோட் சுரங்க விபத்தின் நிதிக்குத் தமது இசை நிகழ்ச்சி ஊதியத்தை அளித்தார். 1938 இல் மௌண்டன் ஆஷ் நகரில், ஸ்பானிய யுத்தத்தில் மாண்ட வேல்ஸ் போராளிகளின் நினைவுக் கூட்டத்திற் பாடினார். 1940 இல் வெளிவந்த 'பெருமைமிகு பள்ளத்தாக்கு' என்ற திரைப்படத்தில், சேர்ந்திசைக் குழுவுக்குத் தேவைப்பட்ட குரலாலேயே சுரங்கத் தொழிலாளரால் ஏற்றுக்கொள்ளப்படும் கறுப்புத் தொழிலாளியாக நடித்தார். 1950 இல் அமெரிக்க அரசு அவரது கடவுச்சீட்டைப் பறித்தது. 1957 இல் கடலடித் தொலைபேசிக் கம்பி மூலம் அவர் நியூயோர்க்கிலிருந்து பாட, போத்கோல் நகரிற் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கேட்டனர். திரெயோர்க்கிக் குழு அவருக்கு மறுமொழியாகப் பாடிற்று. விக்டோறியாவின் முன் பாடிய குழுவின் பெயரே ஏகாதிபத்தியத்தின் எதிர்ப்பாளருக்கு மறுமொழி பாடிய குழுவுக்கும் உரியது. ஒரு கலைவடிவம் பிறப்பால் எவ்வர்க்கத்துக்கும் நிரந்தர உடைமையன்று என்பதற்கு இது தக்க சான்று. அதேவேளை, இதே தென் வேல்சின் துறைமுக நகரமாகிய கார்டிஃபில் 1919 இற் கறுப்பினத்தவர்க்கும் பிற நிறத்தவர்க்கும் எதிரான வன்செயல் நிகழ்ந்து உயிர்கள் பலியானதை மறத்தலாகாது. சகோதரத்துவம் பாட்டால் தானே விளைவதன்று. அது அமைப்பாலும் போராட்டத்தாலும் உழைத்துப் பெறப்பட்டது.

6

1966 ஒக்ரோபரில் அபர்ஃபான் கிராமத்தின் மேலிருந்த சுரங்கக் கழிவு மலை சரிந்து பாடசாலையை மூடியது. 116 குழந்தைகளும் 28 வளர்ந்தோரும் மாண்டனர். அப்பேரழிவின் பின் அவ்வூர் ஆண்கள் ஒன்றுகூடியதன் விளைவாக இனிசோவன் ஆண்குரற் குழு தோன்றியது. துயரத்தைச் சொல்லாற் பேச இயலாதோர் அதனைக் கூட்டாகப் பாடினர். தாய்மாரும் தமக்கெனக் கூடும் அமைப்பொன்றை உருவாக்கினர். இழப்பு ஒவ்வொரு வீட்டினதும் ஆயினும், அதனைத் தாங்குதற்கு வீடு மட்டும் போதாதிருந்தது. பாடற்குழுவின் சமூகப் பயன்பாடு இதனினும் அடிப்படையான வடிவில் வெளிப்பட்டதில்லை.

1984 மார்ச்சிலிருந்து 1985 மார்ச் வரை நடைபெற்ற வேலைநிறுத்தம் பழைய உலகின் இறுதிப் பெரும்போர். அப்போரின்போதும் சேர்ந்திசைக் குழுக்கள் நிதி திரட்டின. ஆயின் இம்முறை புதிதாக நிகழ்ந்தது பெண்களின் ஆதரவுக் குழுக்களின் எழுச்சியே. உணவுப் பொதிகளைக் கட்டி விநியோகித்த பெண்கள், விரைவிலேயே மறியல் வரிசைகளிலும் பொதுமேடைகளிலும் நின்றனர். அடுப்படியிற் கற்ற ஒழுங்கமைக்கும் திறன் அரசியற் திறனாக மாறியது. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. றொண்டாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990 இல் மூடப்பட்டது. தொழிலாளரே 1995 இல் வாங்கி நடத்திய ரவர் சுரங்கமும் 2008 இல் மூடப்பட்டது.

சுரங்கம் போயிற்று, குழுக்கள் எஞ்சியுள்ளன. உறுப்பினர் முதியோராகியுள்ளனர். 2010 இல் தொடங்கிய 'ஒன்லி போய்ஸ் அலவுட்' போன்ற இளைஞர் குழுக்கள் புதிய குரல்களைத் தேடுகின்றன. பெண்களின் குழுக்களும் கலப்புக் குழுக்களும் பெருகியுள்ளன. இம்மாற்றத்தைப் பாரம்பரியத்தின் வீழ்ச்சி என இரங்குவோர் உளர். எம் நோக்கில் அது ஒரு கணக்கின் திருத்தமும் ஆகும். ஆண்குரற் குழு, அதன் பெருமை யாவற்றோடும், நான்கு குரல்களில் இரண்டை வீட்டில் நிறுத்திவிட்டே மேடையேறியது.

வேல்சின் எல்லைப்புறக் கிராமமொன்றிற் புகையிரத சமிக்ஞைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த றேமண்ட் வில்லியம்ஸ் (1921-1988), பண்பாடு என்பது சாதாரணமானது, அன்றாட வாழ்க்கை முழுவதையும் தழுவியது என வற்புறுத்தினார். அதனை நாம் ஏற்கின்றோம். ஏற்பதோடு அன்றாட வாழ்க்கையே உழைப்புப் பிரிவினையாற் பிளவுபட்டது என்பதையும் சேர்த்துரைக்கின்றோம். கூட்டுப் பாடலை ஆராய்வோர் பாடலின் சொல்லையும் மெட்டையும் தொகுப்பதோடு அமையாது, அது எந்த நேரத்தில், யாருடைய ஓய்வில், யாருடைய ஓய்வின்மையின் மீது பாடப்பட்டது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் கோயில் முன்றிலிலும் ஒலித்த எமது கூட்டுப் பாடல்களை ஆராய்வோர்க்கும் இக்கடமை பொருந்தும். அவ்வாறு செய்யும்போதுதான் மக்கள் கலையின் வரலாறு மக்கள் அனைவரதும் வரலாறாக அமையும்.